சுண்டுவிரல் தேர்வு

திங்கட்கிழமைத் தேர்வுக்கு வருகிறவர்கள் விரலைச் சோப்புப் போட்டுக் கழுவி, மோதிரம் இருந்தால் கழற்றிவிட்டு வர வேண்டும் என்பது பண்ணையின் விதி. விரல் ஒடியும்போது கத்தக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. ஆனாலும் கத்துகிறவர்களை வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்குப் பிடிக்காது. காலை ஏழு மணிக்குத்தான் கூடத்தின் கதவு திறக்கும். வாசலில் கட்டுப்போடும் குப்பண்ணன் அதற்கு வெகுமுன்பே வந்து, மூங்கில் சிம்புகளை அளவுவாரியாகப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு விரலுக்கு அவரிடம் கட்டுப் போட்டால் அடுத்த விரலுக்குச் சலுகை உண்டு.

நவமணி அன்று நூற்றுப் பன்னிரண்டாவது ஆள். அவளுடைய இடது கையின் சுண்டுவிரல் பழனிப் பண்ணையிலும் மோதிரவிரல் தாராபுரத்திலும் ஒடிந்து, கோணலாகக் கூடியிருந்தன. சுண்டுவிரல் தேர்வு என்பது பெயரளவுக்குத்தான். சுண்டுவிரல் தீர்ந்தவர்கள் அடுத்ததை நீட்டலாம். இன்றைக்கு நடுவிரல் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள்.

ஒட்டன்சத்திரத்துக்குத் தெற்கே நாற்பது அடுக்காக எழும்பி நிற்கும் அந்தக் காய்ப்பண்ணையில் மண் கிடையாது. வேர்கள் அந்தரத்தில் தொங்கும். சத்து கலந்த மூடுபனி அவற்றை நனைத்துக்கொண்டே இருக்கும். விதைப்பது, பறிப்பது, பெட்டியில் அடைப்பது எல்லாம் எந்திரங்கள். காய்கள் வளைகுடாவுக்கும் நிலாக் குடியிருப்புகளுக்கும் போய்விடும். சுற்றுவட்டாரத்து மக்கள் நாற்பது வருடமாக மாவுக்கட்டிதான் சாப்பிடுகிறார்கள். காய்கறியைப் பெட்டிக்கு வெளியே பார்த்தவர்களே குறைவு.

ஒரே ஒரு வேலைக்கு மட்டும் மனிதர் வேண்டியிருந்தது. பண்ணைகள் தெளித்த மருந்தில் தேனீ என்ற இனமே தென்னிந்தியாவில் அற்றுப்போய்விட்டது. ஆண் பூவின் மகரந்தத்தை எடுத்துப் பெண் பூவில் தொட்டு வைக்க எந்திர விரல்களை விட்டுப் பார்த்தார்கள்; சுரைப்பூவும் பீர்க்கம்பூவும் கசங்கிக் கருகின. ஆகவே பூத்தொடுநர் என்று ஒரு பதவியை உண்டாக்கினார்கள். விரல்களால் செய்யும் வேலைக்கு விரலை ஒடித்துப் பார்த்தா ஆள் எடுப்பது என்று ஆரம்பத்தில் சிலர் கேட்டார்கள். அவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

கேட்கவும் முடியாது. மாவட்டத்தின் நிலத்தடி நீர் முழுவதும் பண்ணையுடையது. பூத்தொடுநர் வீட்டுக் குழாய் மட்டும் காலையில் அரைமணி, மாலையில் அரைமணி திறக்கும். நவமணியின் கணவன் வீரக்குமார் ஆறு வருடம் பூத்தொடுநராக இருந்து, மருந்துப் புகையில் நுரையீரலைக் கெடுத்துக்கொண்டு படுத்துவிட்டான். நோயாளிகளுக்குத் தொண்ணூறு நாள் கருணைக் காலம் உண்டு. இன்னும் எட்டு நாள் பாக்கி. அதற்குள் அந்த வீட்டிலிருந்து ஒருவர் வேலைக்குச் சேராவிட்டால் குழாய் மூடிவிடும். குழாய் மூடிய வீட்டில் பத்து நாளுக்கு மேல் யாரும் இருந்ததில்லை; தண்ணீர் தேடி வேறு மாவட்டத்துக்கு நடந்துவிடுவார்கள். வீரக்குமாரால் தெருமுனை வரைகூட நடக்க முடியாது.

கூடத்தின் நடுவே நின்ற எந்திரத்துக்குத் தேர்வி என்று பெயர். இரண்டு நீண்ட கைகள், கழுத்தில்லாத தலை, அதில் ஒரே ஒரு கண். எப்போதாவது ஒருவரை விரலைத் தொடாமலே எடுத்துக்கொள்ளும். அது எதைப் பார்த்து ஆள் எடுக்கிறது என்பதில் பலத்த கருத்து வேறுபாடு இருந்தது. எலும்பின் ஈரத்தைப் பார்க்கிறது என்றனர் சிலர். ஒடியும் ஓசையில் மன உறுதியை அளக்கிறது என்றார் பயிற்சி மையம் நடத்தும் ஒருவர். அவரிடம் நவமணி இரண்டு மாதம் படித்திருந்தாள். முட்டையோட்டுத் தூளைக் குழைத்து விரலில் பூசுவது, வலிக்கும்போது முகத்தைத் தளர விடுவது எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அவளுடைய முறை வந்தது. தேர்வி அவள் நடுவிரலைப் பற்றிப் பின்னால் வளைத்தது. டப் என்று ஒடிந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தாலும் நவமணி முகத்தைத் தளர்த்தியே வைத்திருந்தாள். தேர்வி அவள் கையைப் புரட்டிப் பார்த்தது; முழங்கையை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தது; பிறகு மேசைமேல் போட்டுவிட்டுச் சொன்னது:

“இருங்க, ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன்.”

எடுக்காதவர்களிடம் அது எப்போதும் சொல்வது இதுதான். ஆகவே சுவரோர பெஞ்சுகளில் கையை மடியில் வைத்துக்கொண்டு மாலை வரை கூட்டம் காத்திருக்கும். அது திரும்பி வந்து ஒருவரை எடுத்ததை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் எந்திரம் பொய் சொல்லாது என்று எல்லோரும் நம்பினார்கள். நவமணியும் போய் உட்கார்ந்தாள்.

பகல் பதினொரு மணிக்கு மூலனூர்ச் சடையப்பன் எழுந்தான். எட்டு விரல் கொடுத்தவன். நான்கு திங்கட்கிழமையாகக் காத்திருந்தவன். பெஞ்சின் இரும்புக் காலைப் பிடுங்கி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, நேரே போய்த் தேர்வியின் தலையில் ஓங்கி அடித்தான்.

“எப்படா வருவ? வர்றேன் வர்றேன்னுதான நாலு வாரமாச் சொல்ற? எப்ப வருவ?”

மூன்றாவது அடி விழுவதற்குள் தேர்வி அவனுடைய கழுத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டது. அவன் கால்கள் காற்றில் உதைத்தன. மற்றொரு கையின் முட்டியால் அவன் மண்டையில் இரண்டு தட்டுத் தட்டியது. பிறகு அவனைத் தன் தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் குலுக்கியது. ஏதோ கேட்க முயல்வதைப் போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு மறுபடியும் குலுக்கியது. அவனுடைய கழுத்து முறிந்த சத்தம் பெஞ்சுவரை கேட்டது. அவனைத் தூர எறிந்தது. தூணில் மோதித் தலை பிளந்து விழுந்தான். துடைப்பான் எந்திரம் வந்து தரையைக் கழுவியது. நூற்று முப்பத்தொன்று என்று திரையில் எண் மாறியது. அந்த எண்ணுக்குரிய ஆள் எழுந்து போனார்.

நவமணி எழுந்து ஓடியிருப்பாள். வீட்டில் கிடக்கிற கணவனின் உலர்ந்த வாய் நினைவுக்கு வந்ததால் மாலை வரை உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் நண்பகலில் எபினேசர் அவளைத் தன் பட்டறைக்கு வரச் சொன்னார். பண்ணையின் எந்திரங்களைப் பழுது பார்ப்பவர் அவர். வீரக்குமாரின் பழைய கூட்டாளி. சடையப்பன் அடித்த அடியில் தேர்விக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று மேலிடம் கவலைப்பட்டு, அதன் கைகளை இயக்கும் நினைவகத்தைத் திறந்து சோதிக்கும்படி அவருக்கு உத்தரவிட்டிருந்தது. சடையப்பனைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை.

“உக்காரு அம்மிணி. இதைப் பாரு,” என்று ஒரு திரையைத் திருப்பினார். “பாத்துட்டு என்னைத் திட்டாத.”

எழுபது வருடத்துக்கு முந்தைய படம். ஒரு சந்தை. தரையில் சாக்கு விரித்துப் பச்சைப்பசேலென்று காய்களைக் குவித்திருந்தார்கள். மஞ்சள் பையோடு ஒரு பெரியவர் குனிந்து நின்றார். படிந்து வாரிய தலை, நெற்றியில் விபூதி, பார்த்தாலே மரியாதை தோன்றும் முகம். கைகளில் மட்டும் மெல்லிய கம்பிகள் ஓடும் உறை போட்டிருந்தார்.

“யாருங்கண்ணா இவரு?”

“காய் வாங்க வந்தவரு. அந்தக் காலத்துல சனம் காயைத் தொட்டுப் பாத்துத்தான் வாங்கும். பண்ணைக்குக் காய் கொள்முதல் பண்றதுக்குன்னு எந்திரம் செஞ்சப்ப, அதுக்குக் கைப்பழக்கம் வேணும்ல? இந்த மாதிரி லட்சம் பேருக்கு உறை மாட்டிவிட்டு, அவங்க கை பண்றதையெல்லாம் பதிஞ்சு எடுத்துருக்காங்க. அப்புறம் பண்ணையே காய் வெளைய வெக்க ஆரம்பிச்சுது, கொள்முதல் நின்னுபோச்சு. எந்திரம் சும்மாக் கெடக்குதேன்னு ஆள் எடுக்கற வேலைக்குப் போட்டுட்டாங்க.”

“அதே எந்திரமா?”

“அதேதான். பேரை மட்டும் மாத்திருக்காங்க.”

திரையில் பெரியவர் ஒரு வெண்டைக்காயை எடுத்து நுனியை ஒடித்தார். டப். நவமணியின் கட்டுப்போட்ட விரல் தானாக உள்ளே சுருண்டது.

“எதுக்கு ஒடிக்கறாரு?”

“இளசா முத்தலான்னு பாக்கறதுக்கு. டப்புனு ஒடிஞ்சா இளசு. வளைஞ்சா முத்தல்.”

“என் விரலும் டப்புனுதானுங்கண்ணா ஒடிஞ்சுது. மூணுமே. அப்ப எடுத்திருக்கோணுமே.”

எபினேசர் படத்தை ஓட விட்டார். பெரியவர் ஒடித்த காயைக் குவியலிலேயே போட்டார். இன்னொன்றை எடுத்து ஒடித்தார், அதுவும் டப் என்றுதான் ஒடிந்தது, அதையும் போட்டார். இப்படிப் பதினோரு காய். கடைக்காரப் பெண் முகத்தைச் சுளித்தாள். பெரியவர் சுரைக்காயில் நகத்தைப் பதித்தார். தேங்காயை முட்டியால் தட்டி, காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்துத் தள்ளிவிட்டார். கடைசியில் இடுப்பை நிமிர்த்திக்கொண்டு, “இரும்மா, ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன்,” என்று அடுத்த கடைக்கு நடந்தார்.

“ஒடிச்ச காயை ஒருத்தரும் எடுக்கறதில்ல அம்மிணி. லட்சம் பேத்துப் பதிவையும் தட்டிப் பாத்துட்டேன். நுனி போன காயை அப்படியே போட்டுட்டு, ஒடிக்காததாப் பாத்து அள்ளிப் பையில போட்டுக்கறாங்க.”

“அப்ப ஒடிச்சு என்னதான் தெரிஞ்சுக்கறாங்க?”

“ஒண்ணுமில்ல. காயைப் பாத்தா கை ஒடிக்கும். அவ்வளவுதான்.”

“திரும்பி வருவாராங்கண்ணா?”

“யாரு?”

“சுத்திட்டு வர்றேன்னாரே.”

எபினேசர் தலையை ஆட்டினார். வரமாட்டார் என்பது அவளுக்கும் அதற்குள் புரிந்துவிட்டது. நவமணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எந்திரத்தின்மேல்கூட அவளுக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. அந்த மஞ்சள் பைக்காரரைத்தான் திரைக்குள் கையை விட்டு இழுத்து வந்து பத்து விரலையும் ஒடிக்க வேண்டும் போலிருந்தது. அவர் செத்து அறுபது வருடம் ஆகியிருக்கும்.

“ஒடிச்சுப் போட்டதை எப்பத்தாங்கண்ணா எடுப்பாங்க? ஏதாச்சும் எடுத்துத்தான ஆகோணும்?”

“அதுக்குத்தான் உன்னை வரச் சொன்னேன்,” என்றார் எபினேசர். படத்தை வேறு இடத்துக்கு நகர்த்தினார். அதே பெரியவர் ஒரு முருங்கைக்காய்க் கட்டை முறுக்கிப் பார்த்துவிட்டு வேண்டாமென்று போட்டார். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் அதை எடுக்கக் கை நீட்டினாள். உடனே பெரியவர் பாய்ந்து அதை எடுத்துப் பையில் செருகிக்கொண்டார். “அடுத்தவங்க கை வெச்சாப் போதும். லட்சம் பேரும் இதுல மட்டும் ஒரே மாதிரி.”

அவருடைய யோசனை எளிமையானது. மேற்கு வாசலில் இன்னொரு தேர்வி உண்டு; இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. அடுத்த திங்கட்கிழமை, எண்ணெய் போடுவதற்கு என்று சொல்லி அதை நவமணி நிற்கும் கிழக்குக் கூடத்தின் வழியாக ஓட்டி வருவார். எதிரே இருப்பதைத் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தில் அது நவமணியின்மேல் கை வைக்கும். கிழக்குத் தேர்வி உடனே அவளை எடுத்துக்கொள்ளும். அன்றோடு கருணைக் காலம் முடிகிறது.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். அவன் நெடுநேரம் இருமிவிட்டு, “எபி சொன்னாச் சரியாத்தான் இருக்கும். ஆனா ரெண்டு பேரு ஒரே காய்க்கட்டுமேல கை வெச்சா சந்தையில என்ன ஆகும்னு பாத்தீங்களா?” என்று கேட்டான். அவள் பார்க்கவில்லை. எபினேசரும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை கிழக்குத் தேர்வி அவளுடைய இடது ஆள்காட்டி விரலையும் ஒடித்துவிட்டு, “இருங்க, ஒரு சுத்து,” என்று ஆரம்பித்தபோது, எபினேசர் மேற்குத் தேர்வியை உருட்டிக்கொண்டு கூடத்துக்குள் வந்தார். அவர் திட்டப்படியே அதன் கை நீண்டு நவமணியின் இடது உள்ளங்கையைப் பற்றியது. கிழக்குத் தேர்வி பேச்சைப் பாதியில் நிறுத்தியது. கண் திரும்பியது. மின்னல் வேகத்தில் அவளுடைய வலது தோளைப் பிடித்து இறுக்கியது.

“இதை நான் மொதல்லயே எடுத்து வெச்சுட்டேன்,” என்றது கிழக்கு.

“நான்தான் கை வெச்சேன்,” என்றது மேற்கு.

இரண்டும் இழுத்தன. எபினேசர் முகம் வெளுத்து மேற்குத் தேர்வியின் முதுகிலிருந்த நிறுத்துவிசையை அழுத்தினார். அது நிற்கவில்லை. ஆசை வந்த பிறகு விடுவது எப்படி என்று லட்சம் பேரில் ஒருவரும் அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. அவர் பெரிய திருகுச்சாவியால் அதன் மூட்டுகளில் மாறி மாறி அடித்தார். நவமணியின் கால்கள் தரையிலிருந்து எழும்பின. பயிற்சி மையத்தில் படித்ததெல்லாம் மறந்து அவள் அலறினாள். வரிசையில் நின்றவர்கள் அன்று மட்டும் அவளைக் குறை சொல்லவில்லை.

முதலில் மணிக்கட்டு கழன்றது. பிறகு முழங்கை கழன்று, தோலும் நரம்பும் நீண்டு அறுந்தன. இரத்தம் பீய்ச்சி முன்வரிசைக்காரர்களின் முகத்தில் தெறித்தது. மேற்குத் தேர்வியின் பிடியில் முழங்கைக்குக் கீழ்ப்பட்ட கை தனியாக வந்துவிட்டது. அது அந்தக் கையைப் புரட்டிப் பார்த்து, நான்கு விரல்கள் ஏற்கெனவே ஒடிந்திருப்பதைக் கண்டு, வேண்டாமென்று தரையில் போட்டது. அதற்குள் எபினேசர் அதன் தலையை நெளித்து, உள்ளே கம்பியைப் பிடுங்கி நிறுத்திவிட்டார். குப்பண்ணன் மூங்கில் சிம்புகளை உதறிவிட்டு ஓடிவந்து, தோளில் கிடந்த துண்டை நவமணியின் மேற்கையில் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிக் கட்டினார்.

கிழக்குத் தேர்வி அவளைத் தன் பக்கம் இழுத்து நிறுத்தியது. அவளுடைய வலது கையைப் பார்த்தது. ஐந்து விரலும் நேராக இருந்தன. பிறகு இரத்தம் சொட்டும் பக்கத்தைப் பார்த்தது.

“இந்தப் பக்கம் போயிருக்கே,” என்றது. “பாதிக்குப் போட்டுக் குடுங்க.”

யாரிடம் கேட்கிறது என்று முதலில் ஒருவருக்கும் புரியவில்லை. நவமணிக்குப் புரிந்தது. அங்கே காயும் அவள்தான், கடைக்காரியும் அவள்தான். கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாதிக் கூலி, பாதித் தண்ணீர். பாதித் தண்ணீரில் வீரக்குமார் பிழைப்பான்.

“சரிங்க,” என்றாள்.

தேர்வி அவள் வலது மணிக்கட்டில் பூத்தொடுநர் வளையத்தை மாட்டிப் பூட்டியது. கூடத்தில் சிலர் கைதட்டக்கூடச் செய்தார்கள். எபினேசர் தரையில் உட்கார்ந்து, குற்ற உணர்ச்சியும் நிம்மதியும் சேர்ந்து அடக்க முடியாமல் அழுதார். பழைய படத்தை அவர் கடைசிவரை பார்க்காமல் விட்டிருந்தார். பெரியவர் காய் வாங்கி, விலை குறைத்து, பைக்குள் போட்ட பிறகும் கிளம்பாமல் நிற்கிற இடம் அதில்தான் இருந்தது.

“இவ்வளவு எடுக்கறேன், கொசுறு போட மாட்டீங்களா?” என்றது தேர்வி.

பதிலுக்கு அது காத்திருக்கவில்லை. பக்கத்தில் என்ன இருக்கிறதென்று துழாவி, கைக்கு அகப்பட்ட எபினேசரைக் கழுத்தோடு அள்ளி எடுத்து, நவமணியோடு சேர்த்து உள்வாசலுக்குள் போட்டுக் கதவை மூடியது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மட்டும் மருத்துவம் இலவசம் என்பதால் நவமணியின் கை மூன்றே நாளில் ஆறியது. வலது கையால் சுரைப்பூ தொடும் வேலை. வீட்டுக் குழாய் கால்மணி, கால்மணியாகத் திறந்தது. வீரக்குமார் உயிரோடிருந்தான். எபினேசரை முப்பத்து மூன்றாம் அடுக்கில் பழுத்த இலை அள்ளப் போட்டிருந்தார்கள். கொசுறுக்குக் கூலி கிடையாது, குழாய் கிடையாது, கருணைக் காலமும் கிடையாது. அவரை எந்த நேரத்தில் வெளியே விடுவது என்பதற்கும் விதி இல்லாததால் விடவில்லை. நவமணி தன் பங்குத் தண்ணீரில் பாதியைப் புட்டியில் ஒளித்துக்கொண்டுபோய் அவருக்குக் கொடுத்தாள். மேலிடத்துக்கு மூன்று முறை முறையிட்டாள். அப்படி ஓர் ஆளைப் பண்ணை எடுக்கவே இல்லை, எடுக்காத ஆளை எப்படி விடுவிப்பது என்று மூன்று முறையும் ஒரே பதில் வந்தது. எபினேசர் என்ற பழுதுபார்ப்பவர், சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராமல் நின்றுவிட்டதால் நீக்கப்பட்டிருந்தார்.

அவரைக் காப்பாற்றுவதற்கு ஒரே வழிதான் அவளுக்குத் தோன்றியது. விரல் ஒடிப்பது வெறும் கைப்பழக்கம், அதற்கு ஓர் அர்த்தமும் இல்லை, இனி யாரும் விரலை நீட்டாதீர்கள், எல்லோருமாகச் சேர்ந்து போய்க் கேட்டால் எபினேசரை விட்டுத்தான் ஆக வேண்டும். இதைத் தெருத்தெருவாகப் போய்ச் சொன்னாள். அறுந்த கையைக் காட்டிச் சொன்னாள். தேர்வி அவளை எடுத்தது எப்படி என்பதை, அந்தக் கொசுறு வரைக்கும், ஒன்று விடாமல் சொன்னாள். எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள். பயிற்சி மையத்துக்காரர் குறிப்பெடுத்துக்கொண்டார். இத்தனை பேர் கேட்கிறார்களே என்று அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை கிழக்கு வாசலில் என்றுமில்லாத கூட்டம். ஒவ்வொருவரும் தனியாக வராமல் இன்னொருவரையும் அழைத்து வந்திருந்தார்கள். அண்ணன் தம்பியை, மருமகள் மாமனாரை, ஒருத்தி காது கேளாத அக்காளைக் கையில் பிடித்திருந்தாள். வேலைக்கு உள்ளே போய்க்கொண்டிருந்த நவமணியை, தன் தாயாரோடு நின்ற ஓர் இளைஞன் மிகவும் மரியாதையாக நிறுத்தினான்.

“அக்கா, ஒரு சந்தேகமுங்க. கொசுறுக்கு வயசு வரம்பு ஏதாச்சும் உண்டுங்களா?”

அந்தத் தாய் வெற்றிலை மென்றுகொண்டு நவமணியைப் பார்த்துச் சிரித்தாள். எதற்காக வந்திருக்கிறோம் என்று அவளுக்குச் சொல்லியிருந்ததாகத் தெரியவில்லை. நவமணி, வரம்பு உண்டு, வயதானவர்களை எடுக்காது என்று ஒரு பொய் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் அவர்களுக்குப் பின்னால் நின்றவர் முந்திக்கொண்டு, “அதெல்லாம் ஒண்ணும் பாக்கறதில்ல தம்பி, முன்னால போங்க,” என்றார்.

இளைஞன் நன்றி சொல்லிவிட்டு, தாயின் தோளைப் பிடித்து முன்னால் நகர்த்தி, முந்தானையைச் சரிசெய்து நிறுத்தினான்.